பதினாறில் யாராவது இருக்கீங்களா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளின் தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம் என்று தேடிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள்கூட வருவார்கள். உடைத்த கப்பல்களின் சாமானும் எப்போதாவது அங்கே வந்து சேரும். அப்படி வந்த ஒரு பித்தளைச் சுவர்க்கடிகாரம் இப்போது அதே ஊரின் செக்காலையில் எங்கள் வீட்டு முகப்பில் தொங்குகிறது. அதன் முகத்தில் இரண்டு இடத்தில் சிவப்புப் பட்டை, இரண்டு இடத்தில் பச்சைப் பட்டை. வருகிறவர்கள் அழகுக்குத் தீட்டியது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பட்டைகள் ஒரு காலத்தில் சர்வதேசச் சட்டம். ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18 நிமிடம் வரை, பிறகு 45 முதல் 48 வரை சிவப்பு. அந்த மூன்று நிமிடங்களில் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆபத்துச் செய்தியைத் தவிர உலகத்தின் எந்தக் கப்பலும் எதையும் அனுப்பக் கூடாது என்பது அன்றைய விதி. கேட்க மட்டும் வேண்டும். பச்சைப் பட்டை மணி தொடங்கும் மூன்று நிமிடத்துக்கும், அரை மணிக்குப் பிந்தைய மூன்று நிமிடத்துக்கும். அது 2182 கிலோஹெர்ட்ஸ், வாயால் பேசுகிற அலைவரிசை. எங்கோ ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கலாம்; அதன் பேட்டரி இறங்கி, சமிக்ஞை மெலிந்து போயிருக்கலாம். மற்றவர்களின் அரட்டையில் அது அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

1978 முதல் 1999 வரை நான் வணிகக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தேன். இந்தியச் சிப்பந்திகளுக்கு என் பெயர் தேவைப்பட்டதே இல்லை. ரேடியோ அறையில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவர் ‘மார்க்கோனி சாப்’தான். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டிப் பக்கத்து விசைப்படகுக்காரர்கள் பழுதான வயர்லெஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு செக்காலைக்கு வருவார்கள். கடல் இல்லாத ஊரில் கடல் வயர்லெஸ் பார்க்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “நடுக்கடலில் ஏது டவர்? எப்படிப் பேசுவீங்க?” நிலத்தில் உங்கள் செல்போன் நேராக இன்னொரு செல்போனோடு பேசுவதில்லை. பக்கத்து டவரோடு பேசுகிறது. மிச்சத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. கடலில் அந்தக் கம்பெனி இல்லை. ஒவ்வொரு கப்பலும் தானே போன், தானே டவர். ஆகவே அங்கே வலைப்பின்னல் என்று ஒன்று இருப்பதும் இல்லாததும், அந்த நேரத்தில் எத்தனை பேர் காது கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அனுப்பும் கருவியைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். எனக்குப் பேச வேண்டியது கேட்பவனைப் பற்றி.

தொடக்கத்தில் கேட்பதற்கே சண்டை. மார்க்கோனியின் கம்பெனி தன் கருவியோடு தன் ஆளையும் கப்பலில் ஏற்றிவிடும். வேறு கம்பெனிக் கருவி வைத்திருக்கும் கப்பல் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. 1902இல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் தம்பி இளவரசர் ஹைன்ரிக் அமெரிக்காவிலிருந்து கப்பலில் திரும்பும்போது அவர் கப்பலின் செய்திகளுக்கே மார்க்கோனி நிலையத்தில் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் 1903, 1906 பெர்லின் மாநாடுகள் வரை போனது. எந்தக் கம்பெனிக் கருவியானாலும் கடலில் ஒருவருக்கொருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆனதும், எஸ்.ஓ.எஸ். உலகத்துக்கே பொதுவானதும் 1906 உடன்படிக்கையால்தான்.

டைட்டானிக் கதை எல்லாருக்கும் தெரியும். படம் பார்த்தவர்களுக்குத் தெரியாத பகுதி ரேடியோ அறைகளில் நடந்தது. 1912 ஏப்ரல் 14 இரவு, பக்கத்தில் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றிருந்த கலிபோர்னியன் கப்பலில் ஒரே ஒரு ஆபரேட்டர். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு பதினொன்றரை வாக்கில் செட்டை அணைத்துவிட்டுப் படுத்தார். சிறிது நேரத்தில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. ஏறத்தாழ 58 மைல் தள்ளி இருந்த கார்பேத்தியாவின் ஆபரேட்டர் ஹரோல்ட் காட்டமும் படுக்கப் போகிற நேரம்தான், ஆனால் ஹெட்போன் இன்னும் காதில் இருந்தது. பிழைத்த 700க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஹெட்போனால் பிழைத்தவர்கள். கப்பல்களில் இரவும் பகலும் காது கொடுக்க ஆள் இருக்க வேண்டும் என்று லண்டனில் கூடிய மாநாடு 1914இல் முடிவு செய்தது. என் உத்தியோகமே அந்த மாநாடு போட்ட பிச்சை.

அதே 1914இல் நம் பக்கத்துக் கடலில் கேட்பதை ஆயுதமாக்கிய ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வந்தது. எம்டன். செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது மட்டும்தான் நம்மவர்கள் நினைவில் நிற்கிறது. எங்கள் ஐயா அப்போது பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன். அக்டோபர் 28 விடிகாலை எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தபோது கிட்டங்கியில் படுத்திருந்தவர்கள் இடி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தார்களாம். ஐயா சொல்லச் சொல்ல நான் கேட்டு வளர்ந்த கதை. ரேடியோ படித்த பிறகுதான் அதன் மறுபாதி எனக்குப் புரிந்தது. எம்டன் இந்தியப் பெருங்கடலில் மாதக்கணக்கில் பிடிபடாமல் திரிந்ததற்குக் காரணம், கேப்டன் கார்ல் ஃபன் முல்லர் தன் வயர்லெஸ்ஸை வாயடைத்து வைத்து, எதிரிக் கப்பல்களும் கரை நிலையங்களும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்ததுதான்.

கடைசியில் கணக்கு தவறியதும் கேட்பதில்தான். நவம்பர் 9 காலை கோகோஸ் தீவுக் கூட்டத்தில் டைரக்ஷன் தீவு வயர்லெஸ் நிலையத்தை நொறுக்க எம்டன் வந்தது. நிலையத்து ஆட்கள் அடையாளம் தெரியாத கப்பல் ஒன்று நுழைவாயிலில் நிற்கிறது என்று அவசரமாக அடித்துவிட்டார்கள். எம்டன் குறுக்கே இரைச்சல் போட்டு மறைக்கப் பார்த்தது. பதில் கொடுத்த போர்க்கப்பலின் சமிக்ஞை எம்டனுக்கும் கேட்டது. அது மெலிதாக இருந்ததால் எதிரி 200 மைலுக்கு அப்பால் இருப்பதாக முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி சுமார் 50 மைலில் வந்துகொண்டிருந்தது. மெலிந்த சத்தம் என்றால் தூரம் என்று எண்ணுவது எங்கள் வகுப்பில் முதல் வாரமே அடித்துத் திருத்தப்படும் தப்பு. எதிர்முனை ஆன்டெனா, அலைவரிசை, பகலா இரவா, எல்லாம் சேர்ந்து சத்தத்தைத் தீர்மானிக்கும். அன்று மத்தியானத்துக்குள் எம்டன் பவளப்பாறையில் ஏறி நின்றது.

என் காலத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்திய தேர்வில், இரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு நிமிடத்துக்கு 16 சங்கேதக் குழு, 20 சாதாரணச் சொல் என்ற வேகத்தில் மோர்ஸ் அடிக்கவும் காதால் வாங்கி எழுதவும் வேண்டியிருந்தது. அடிப்பதைப் பதினைந்து நாளில் பழகிவிடலாம். வாங்குவதற்கு மாதங்கள் ஆகும். புள்ளியும் கோடுமாகக் கேட்டு எழுத்துக் கூட்டுகிறவனுக்கு வேகம் வராது. ஒரு நாள் திடீரென்று எழுத்தாகவே கேட்கும், பிறகு சொல்லாகவே கேட்கும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் அடிக்கிற கை தனி. பெயர் சொல்லாமலே இன்னார் என்று தெரிந்துவிடும். கொழும்பு நிலையத்தில் நான் முகம் பார்க்காத ஒருவரை அவருடைய இழுத்து அடிக்கும் கோட்டை வைத்து வருடக்கணக்கில் அடையாளம் வைத்திருந்தேன்.

சென்னை ரேடியோவின் அழைப்புக்குறி வி.டபிள்யூ.எம். கல்கத்தா வி.டபிள்யூ.சி. கொழும்பு 4பி.பி. சிங்கப்பூர் 9வி.ஜி. வங்காள விரிகுடாவில் போகும்போது இந்த நான்கும்தான் எங்களுக்குத் திசைகள். குறித்த நேரத்தில் ஒவ்வொரு நிலையமும் ஒரு பட்டியல் வாசிக்கும்: இன்னின்ன கப்பலுக்குத் தந்தி வைத்திருக்கிறோம். உங்கள் கப்பலின் குறி அந்தப் பட்டியலில் வருகிறதா என்று காத்திருந்து கேட்க வேண்டும். வந்தால் கூப்பிட்டு வாங்கலாம். வராவிட்டால் அடுத்த பட்டியல் வரை கப்பலில் யாருக்கும் வீட்டுச் சேதி இல்லை. கேப்டனைவிட சமையல்காரர்தான் அதிகம் வந்து எட்டிப் பார்ப்பார்.

கொஞ்ச காலம் எம்.வி. சிதம்பரத்தில் இருந்தேன். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய பயணிக் கப்பல். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான பழைய ரஜுலாவுக்குப் பிறகு வந்தது. அதில் பயணிகள் தந்தி கொடுக்க வரிசையில் நிற்பார்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். கப்பலுக்கு ஒரு பங்கு, கரை நிலையத்துக்கு ஒரு பங்கு, தரைவழித் தந்திக்கு ஒரு பங்கு. நாடுகளுக்கிடையே அந்தக் கணக்கைத் தங்க பிராங்க் என்று ஒரு நாணயத்தில் தீர்ப்பார்கள். அப்படி ஒரு காசை யாரும் கையில் தொட்டதில்லை. வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்த எனக்கே அந்தப் பேரேடு புரிய நாளானது. காசை மிச்சப்படுத்த எங்கள் ஊர் ஆச்சிமார் எழுதிக் கொடுத்த தந்திகளைப் பார்க்க வேண்டும்: மூன்று சொல்லில் கல்யாணத்தையே நிச்சயம் பண்ணிவிடுவார்கள். அந்தக் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். நான் அப்போது வேறு கப்பலுக்கு மாறியிருந்தேன். அந்தத் தீயோடு பயணிச் சேவையும் முடிந்தது.

சரக்குக் கப்பல்களில் ஒரே ஒரு ரேடியோ ஆபீசர்தான். 24 மணி நேரமும் ஒருவன் விழித்திருக்க முடியாது. நான் தூங்கும்போது எனக்குப் பதிலாகக் கேட்க ஒரு பெட்டி உண்டு, ஆட்டோ அலாரம். ஆபத்தில் இருக்கிற கப்பல் எஸ்.ஓ.எஸ். அடிப்பதற்கு முன்னால் நான்கு விநாடி நீளக் கோடுகளாகப் பன்னிரண்டு அடிக்கும், நடுவில் ஒவ்வொரு விநாடி இடைவெளி. மொத்தம் ஒரு நிமிடம். அந்த அளவில் தொடர்ந்து சில கோடுகள் வந்தாலே பெட்டி என் அறையில் மணி அடித்துவிடும். ஐப்பசியில் வங்காள விரிகுடாவில் இடி மின்னல் இரைச்சலையே கோடு என்று எண்ணிக்கொண்டு நடுராத்திரி அடிக்கும். எழுந்து போய்க் கேட்டால் வெறும் கரகரப்பு. திரும்ப வந்து படுப்பேன். திரும்ப அடிக்கும். அணைத்து வைத்துவிடலாமா என்று கை போகும். அணைக்காமல் இருந்ததற்குக் காரணம் கடமை உணர்ச்சி என்று சொல்ல மாட்டேன், கைராலி.

எம்.வி. கைராலி, கேரள அரசின் கப்பல் கழகத்துக் கப்பல். 1979 ஜூன் 30 அன்று மர்மகோவாவிலிருந்து இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு ஜிபூட்டி வழியாக ஐரோப்பாவுக்குக் கிளம்பியது. ஜூலை 3 அன்று வந்த செய்திதான் கடைசி. சுமார் 50 பேரோடு அந்தக் கப்பல் மறைந்தது. எஸ்.ஓ.எஸ். யாருக்கும் கேட்கவில்லை. தினமும் வர வேண்டிய இருப்பிடச் செய்தி வரவில்லை என்பதைக் கரையில் இருந்தவர்கள் உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாட்கள் கழிந்த பிறகே தேடினார்கள். அப்போது நான் வேலைக்குப் புதிது. பம்பாய், சென்னை என்று எந்தத் துறைமுகத்தில் இரண்டு ரேடியோ ஆபீசர் சந்தித்தாலும் பல வருடம் இதே பேச்சுதான். வரும் செய்தியைக் கேட்பது ஒரு வேலை என்றால், வர வேண்டியது வரவில்லை என்று கவனிப்பது அதைவிடப் பெரிய வேலை.

பிறகு செயற்கைக்கோள் வந்தது. கடலுக்கென்றே 1979இல் உருவான இன்மார்சாட் அமைப்பு 1982இல் சேவையைத் தொடங்கியது. 1992 பிப்ரவரி 1இல் ஆரம்பித்து 1999 பிப்ரவரி 1க்குள் உலகக் கப்பல்கள் எல்லாம் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற புது ஆபத்துதவி முறைக்கு மாறின. மோர்ஸ் போனது, ரேடியோ அறை போனது, நானும் போனேன். சிவப்பு மூடியைத் திறந்து பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். கப்பலின் ஒன்பது இலக்க எண், இருக்குமிடம், நேரம் எல்லாம் வி.எச்.எஃப். சேனல் 70இல் தரவாகப் பாயும்; சுற்றியுள்ள கப்பல்களின் செட்டுகள் தாமாக அலறும். இந்தியக் கப்பலின் எண் 419 என்று தொடங்கும். குரல் கொடுப்பதற்கான சேனல் 16இல் ஆள் உட்கார்ந்து கேட்பதை இனி நிறுத்திவிடலாம் என்றுகூட முதலில் திட்டம் இருந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு யோசித்துப் பார்த்து அதை நிறுத்தாமல் வைத்திருக்கிறது. அது நல்ல முடிவு. பொத்தானால் வரும் அலறல்களில் பெரும்பான்மை கை பட்டு அழுந்தியவை, தப்பாகச் சோதித்தவை. அலறலுக்குப் பின் பதினாறில் ஒரு மனிதக் குரல் வந்தால்தான் கப்பலைச் செலுத்தும் பாலத்தில் (பிரிட்ஜ்) இருக்கிற அதிகாரி நிமிர்ந்து உட்காருகிறார்.

புது முறைகளில் எனக்கு மனசாரப் பிடித்தது ஒன்று உண்டு. ஏ.ஐ.எஸ். என்பார்கள். நான் யார், எங்கே இருக்கிறேன், எந்தத் திசையில் எந்த வேகத்தில் போகிறேன் என்று ஒவ்வொரு கப்பலும் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும் கருவி. சர்வதேசக் கடலில் ஓடும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் 2004 இறுதிக்குள் கட்டாயமானது. நூறு கப்பல் ஒரே அலைவரிசையில் பேசினால் கூச்சல்தானே? அங்கேதான் அழகு. ஒரு நிமிடத்தை 2250 துண்டாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டு விநாடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. இரண்டு சேனல், ஆக 4500 துண்டு. எல்லாக் கப்பலின் கடிகாரமும் ஜி.பி.எஸ். நேரத்துக்கு ஒத்து ஓடும். யாருக்கு எந்தத் துண்டு என்று பிரித்துக் கொடுக்க அதிகாரி யாரும் கிடையாது. எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்: உட்காருகிறவர் ஒவ்வொருவரும் எழுந்திருப்பதற்கு முன்பே, அடுத்த பந்தியில் நான் உட்காரப்போவது அந்த இலை என்று உரக்கச் சொல்லிவிட்டால், புதிதாக வருகிறவர் சற்று நின்று காது கொடுத்துவிட்டுக் காலியான இலையில் போய் உட்காரலாம். ஒவ்வொரு கப்பலும் தன் செய்தியோடு, அடுத்து எந்தத் துண்டில் பேசப்போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. புதிதாகச் சேரும் கப்பல் முதலில் ஒரு நிமிடம் பேசாமல் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கும். நெரிசல் மிஞ்சினால், மிகத் தூரத்தில் இருக்கும் கப்பலின் துண்டை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவரோடுதானே மோதுகிற ஆபத்து.

இந்தக் கருவிக்கும் கேட்பவன் வேண்டும். நம் கடற்கரைக் கலங்கரை விளக்கங்களில் 74 இடங்களில் ஏ.ஐ.எஸ். நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். பெரிய கப்பல் ஒவ்வொன்றும் கரையில் திரையில் தெரிகிறது. தெரியாதது மீன்பிடிப் படகு. கருவி இல்லாத படகு ஏ.ஐ.எஸ். திரையைப் பொறுத்தவரை அங்கே இல்லவே இல்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் முனம்பத்திலிருந்து போன மீன்பிடிப் படகு மீது பெரிய கப்பல் ஒன்று மோதிப் படகு மூழ்கியது. படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள்.

எங்கள் பக்கத்து விசைப்படகில் இருப்பது 25 வாட் வி.எச்.எஃப். செட்டு ஒன்று. கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது, “பவரை ஏத்தித் தர முடியுமா சார்?” பவரை ஏற்றிப் பயனில்லை. 156 மெகாஹெர்ட்ஸில் அலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை, கடல்மட்டம் வளைந்து கீழே இறங்கிவிடும். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்குங்கள், அந்த ஆன்டெனா பார்க்கக்கூடிய தூரம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பேர் தூரத்தையும் கூட்டினால் பேசக்கூடிய தூரம். 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த படகு 8 கிலோமீட்டர் பார்க்கும்; அப்படி இரண்டு படகு 16 கிலோமீட்டர் வரை பேசலாம். அதே படகு கரையில் 100 மீட்டர் கோபுரத்தோடு என்றால் 49 கிலோமீட்டர். கம்பத்தை 9 மீட்டருக்கு உயர்த்தினாலே 16 என்பது 25 ஆகிவிடும். காசு போடுவதாக இருந்தால் கம்பத்தில் போடுங்கள் என்பேன். கோடையில் சில ராத்திரி கடல்மேல் காற்றடுக்கு வெப்பத்தில் திரிந்து அலையை வளைத்துத் தூக்கிக்கொண்டு போகும். அப்போது இந்தக் கணக்கெல்லாம் பொய்யாகி, எங்கோ இருப்பவர் பக்கத்துப் படகில் இருப்பதுபோல் கேட்பார். அதை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது.

பழுதில் பாதி செட்டில் இருப்பதே இல்லை. ஆன்டெனா கம்பி சேரும் இணைப்பில் உப்புக்காற்று ஏறிப் பச்சை பிடித்திருக்கும். உலோகம் அரிப்பதையும் ஆராய்கிற ஒரு மத்திய நிறுவனம், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எங்கள் ஊரில் இருக்கிறது. 1948இல் அதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். கடற்காற்றில் உலோகம் என்ன ஆகிறது என்று பார்க்க அவர்களுக்கு மண்டபத்தில் சோதனைத் திடல் உண்டு. என்னிடம் வரும் இணைப்புகளைப் பார்த்தால் அவர்களுக்குத் திடலே தேவைப்படாது. கிரீஸ் தடவி ரப்பர் நாடா சுற்றினால் போதும் என்று சொல்லி அனுப்புவேன். அடுத்த மழைக்கு முன் அதே படகு அதே பச்சையோடு வரும்.

பாக் நீரிணை சின்னக் கடல். எங்கள் பக்கத்துப் படகுகளுக்கு வி.எச்.எஃப். பெரும்பாலும் போதும், திருப்பினால் யாழ்ப்பாணத் தமிழே கேட்கும். குமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் கதை வேறு. அவர்கள் அரபிக் கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனைக்கு அருகே உருவானபோது அவர்களில் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில். கரையிலிருந்து எந்த வி.எச்.எஃப்.பும் அங்கே எட்டாது. செய்தி போக வேண்டுமானால் படகு படகாகக் கைமாறித்தான் போக வேண்டும். நடுவில் ஒரு படகில் செட்டு அணைந்திருந்தால், அதற்கு அப்பால் இருக்கிற அத்தனை பேருக்கும் புயல் வருவது தெரியாது. தமிழ்நாட்டு மீனவர்கள் மட்டும் ஏறத்தாழ 200 பேர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு கருவிகள் நிறைய வந்திருக்கின்றன. 2019இல் ஜெமினி என்ற பெட்டி வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை படகுக்குப் போகும், படகிலிருந்து பதில் வர வழியில்லை. இஸ்ரோவின் ஆபத்துப் பெட்டி 2010 முதலே இருக்கிறது; அதில் பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருக்கும், அங்கிருந்து கடலோரக் காவல் படைக்கும் போகும். ஆனால் அழுத்தியவனுக்கு, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. மோர்ஸ் காலத்தில் எஸ்.ஓ.எஸ்.ஸுக்கு ஒரு பதில் உண்டு: ஆர் ஆர் ஆர். வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்து காதில் விழும்வரை அடிப்பதை நிறுத்த மாட்டோம். விழுந்த பிறகுதான் லைஃப் ஜாக்கெட்டைத் தேடுவோம். 2024 ஜனவரியில் இஸ்ரோ கொண்டுவந்த இரண்டாம் தலைமுறைப் பெட்டியில்தான், கரை கேட்டுவிட்டது என்ற பதில் மீனவருக்குத் திரும்பி வருகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பெட்டியில் பெரிய விஷயம் அது ஒன்றுதான். மத்திய அரசு 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழிச் செய்திக் கருவி பொருத்தும் திட்டத்தையும் எடுத்திருக்கிறது.

இன்னொரு வழியை அமிர்தா பல்கலைக்கழகத்தார் கொல்லம் கடலில் முயன்றிருக்கிறார்கள். ஓஷன்நெட் என்று பெயர். கரையில் உயரமான இடத்தில் நீண்ட தூர வை-ஃபை நிலையம். முதல் படகு அதோடு பேசும், அதற்கு அப்பால் இருக்கிற படகு முதல் படகோடு பேசும். படகே டவர். 40 கிலோமீட்டருக்கு மேலும் மீனவர் தன் சாதாரண செல்போனிலேயே வீட்டுக்குப் பேச முடிந்தது. சிக்கல் எங்கே என்றால், தூரம் போக ஆன்டெனா ஒரே திசையைப் பார்க்க வேண்டும், படகோ ஆடும், புரளும், சுற்றும். படகு திரும்பத் திரும்பக் கரையை நோக்கித் தானாகத் திரும்பும் ஆன்டெனாவைச் செய்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, கரை எட்டாத படகுக்கும் நடுவில் இருக்கிற படகு வழிவிடும் என்பது. பிடிக்காதது, மீன் அகப்பட்ட இடத்தை யாருக்கும் சொல்லாத நம் ஆட்கள் அடுத்த படகின் வை-ஃபையை நம்புவார்களா என்கிற சந்தேகம். பெரிய கப்பல்களுக்கு இந்தக் கவலை எல்லாம் இல்லை. இப்போது மாலுமிகள் செயற்கைக்கோள் இன்டர்நெட்டில் வீட்டோடு முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பாலத்தில் மட்டும் பழைய வி.எச்.எஃப். செட்டு இன்னமும் இருக்கிறது.

படகுக்காரர்கள் பேசுவது பதினாறில் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சேனல் பேசி வைத்திருப்பார்கள். மீன் விலை, வலை சிக்கியது, யார் எங்கே என்பதெல்லாம் அதில்தான். அதில் தப்பில்லை. எல்லாச் செட்டிலும் இரட்டைக் கவனிப்பு என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டு வைத்தால் செட்டு உங்கள் சேனலில் நின்றபடியே, சில விநாடிக்கு ஒருமுறை தானாகப் பதினாறை எட்டிப் பார்த்துக்கொள்ளும். அங்கே யாராவது பேசினால் உடனே தாவிவிடும். என்னிடம் வரும் செட்டுகளில் அது பெரும்பாலும் அணைத்தே இருக்கும். பழுது பார்த்துத் தரும்போது நான் போட்டுத்தான் தருவேன்.

போன மாதம் கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த ஒருவர் செட்டைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக அதை அணைத்தார்.

“ஏன் தம்பி?”

“பேச்சு நடுவுல நடுவுல அறுந்து அறுந்து போகுது சார். அதுல யாரு கூப்பிடப் போறா?”

“நீங்க ஒருநாள் கூப்பிடலாம்ல?”

கொஞ்சம் யோசித்தார். “நான் கூப்பிட்டா எங்க ஊர்ச் சேனல்லதான் சார் கூப்பிடுவேன். பதினாறுல எவன் இருக்கப் போறான்?”

அவர் கையிலிருந்து செட்டை வாங்கித் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். ஜெகதாப்பட்டினம் தாண்டிப் போனதும் அணைத்திருப்பார். இந்த மாதம் கோட்டைப்பட்டினத்துக்கே போய்ப் படகுக்காரர்களை உட்காரவைத்து, கரையில் ஒருவரும் நானும் பதினாறில் பேசிக் காட்டுவதாக இருக்கிறேன்; முறைப்படி, சோதனை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான்.